வெயில் போன பிறகு வீடியோ: கட்டடங்களைப் படம்பிடிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இரண்டு தம்பிகள் என்னோடு வேலைக்கு வந்திருந்தார்கள். இருவருமே நன்றாக ஸ்டில் எடுப்பவர்கள். கோடு பிசகாத ஃப்ரேம், பொறுமையான கை. சென்னையில் ஒரு புது அடுக்குமாடி வீடு. ஆர்க்கிடெக்ட்டுக்குப் படங்களும் வேண்டும், இரண்டு நிமிட வீடியோவும் வேண்டும். மாலை நாலரைக்கு ஸ்டில் முடிந்தது. ஒரு தம்பி, நடக்கும்போது கேமரா ஆடாமல் பிடித்துக்கொள்ளும் கிம்பலைக் கையில் எடுத்துக்கொண்டு, "அண்ணே, ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன். பத்து நிமிஷம்" என்றார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே பத்து நிமிஷத்தை ஒரு காலத்தில் நானும் கேட்டிருக்கிறேன். அதற்குக் கொடுத்த விலை இன்றைக்கும் நினைவிருக்கிறது.

லென்ஸைத் துடைப்பது, முந்தின இரவே பேட்டரி சார்ஜ் போடுவது, கழிப்பறை மூடியைச் சாத்துவது, குப்பைக்கூடையை நகர்த்தி வைப்பது இதையெல்லாம் ஸ்டில் எடுத்துப் பழகியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டில்லில் கைகொடுத்த பழக்கமே வீடியோவில் காலை வாரிவிடும் இடங்கள் சில உண்டு. அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஸ்டில்லுக்குப் போக மிஞ்சிய வெளிச்சத்தில் வீடியோ எடுப்பது

காரைக்குடியை அடுத்த கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய நகரத்தார் வீடு. பழுது பார்த்து, விருந்தினர் தங்கும் வீடாக மாற்றியிருந்தார்கள். தை மாதம். இரண்டு நாள் வேலை. இருபத்தைந்து படங்கள், ஒரு வீடியோ என்று பேச்சு. "ரெண்டையும் சேர்த்தே முடிச்சுக் குடுத்துடறேன்" என்று ஒத்துக்கொண்டவன் நான்தான்.

செட்டிநாட்டு வீடுகளுக்குள் போனவர்களுக்குத் தெரியும். முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று வாசல்நிலைக்குப் பின் வாசல்நிலையாகப் பின்வாசல் வரைக்கும் ஒரே நேர்க்கோட்டில் பார்வை ஓடும். நடுவில் வளவு முற்றம் வானம் பார்த்துத் திறந்து கிடக்கும். அந்த வீட்டில் முற்றத்தைச் சுற்றி பர்மாத் தேக்குத் தூண்கள். ஒன்பது மணி வாக்கில் கிழக்குக் கூரையைத் தாண்டி வெயில் உள்ளே வரும். முதலில் மேற்கு வரிசைத் தூண்களின் தலையில் படும். பிறகு தூண் வழியே மெல்ல இறங்கி, அடிக்கல்லைத் தொட்டு, முற்றத்துத் தரைக்குப் போய்விடும்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா முதல் நாள் காலையிலேயே சொன்னார்: "பத்தரை வரைக்கும்தான் தம்பி தூணுல வெயிலு நிக்கும். அப்புறம் என் வத்தலுக்கு வந்துரும்." பழைய வேட்டியில் கொத்தவரை வற்றலைப் பரப்பி, வெயில் வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தார். நான் தலையாட்டிவிட்டு முக்காலியை விரித்தேன்.

24 மில்லிமீட்டர் டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ்; கேமராவைச் சாய்க்காமலே காட்சியை மேலே தள்ளிக்கொள்ளலாம், தூண்கள் நேராக நிற்கும். ஒரு கோணத்துக்கு ஐந்து எக்ஸ்போஷர், அதாவது வெளிச்ச அளவை மாற்றி மாற்றி ஐந்து படம். நாற்காலியை அரை அடி நகர்த்தினேன். பித்தளைக் குத்துவிளக்கை எடுத்து வைத்தேன், திரும்ப வைத்தேன். முக்காலியை ஒரு சாண் இறக்கினேன். இன்னொரு கோணம் பிடித்தது, அதையும் எடுத்தேன். ஸ்டில் முடிந்தபோது பத்து இருபது. அதன் பிறகு கேமராவைக் கழற்றி, வேறு லென்ஸ் போட்டு, கிம்பலில் ஏற்றி, எடை சரிபார்த்து நிமிர்ந்தால் மணி பத்தே முக்கால். தூண்களில் வெயில் இல்லை. அந்த அம்மாவின் வற்றல் மேல் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாள் விடிந்ததிலிருந்தே மேகமூட்டம். இருந்த வெளிச்சத்தில் வளவைச் சுற்றி எடுத்துக்கொண்டு ரயிலேறினேன்.

வீட்டுக்கு வந்து படத்தையும் வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். படத்தில் தேக்கின் ரேகை ஒவ்வொன்றும் எழுந்து நிற்கிறது. வீடியோவில் அதே தூண் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. ஆர்க்கிடெக்ட் கோபப்படவில்லை. "இது நம்ம வீடு மாதிரி இல்லையே" என்றார், அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து, என் செலவில், பல்லவன் எக்ஸ்பிரஸில் மறுபடி காரைக்குடி போனேன். அந்த வேலையில் வந்த பணத்தில் பாதி அதிலேயே கரைந்தது.

பணம் போனதைவிட, வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொண்டது நானே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. யோசித்துப் பாருங்கள். ஸ்டில்லுக்கு அந்த வெயில் எவ்வளவு நேரம் தேவை? ஐந்து எக்ஸ்போஷருக்குப் பத்து வினாடி போதும். மற்ற நேரமெல்லாம் நாற்காலியையும் விளக்கையும் நகர்த்தப் போனது. அதை முந்தின நாளே முடித்திருக்கலாம். வெயில் கொஞ்சம் தவறினாலும் ஸ்டில்லைத் தூக்கி நிறுத்த வழி உண்டு: சுவரில் ஃப்ளாஷை அடித்துத் திருப்பலாம், ஜன்னலுக்குத் தனி எக்ஸ்போஷர் எடுத்துப் பிறகு சேர்க்கலாம். வீடியோவுக்கு அந்த வசதி இல்லை. வினாடிக்கு 25 ஃப்ரேம், எல்லாவற்றுக்கும் ஒரே எக்ஸ்போஷர். வெளியே வெளுக்காமலும் உள்ளே கறுக்காமலும் இருக்கிற அந்த அரை மணியில் எடுத்தால்தான் உண்டு.

வீடியோ எதற்கு வேண்டும் என்று கேட்டால், வெயில் நகர்வதைக் காட்டத்தான். பூமி மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது. 12 அடி உயரத்தில் இருக்கும் கூரை விளிம்பின் நிழல், உச்சிப்பொழுதை ஒட்டி ஒரு மணி நேரத்தில் தரையில் மூன்றடிக்கு மேல் நகர்ந்துவிடும். வீட்டைக் கட்டியவர்கள் அந்த நகர்வைத் தெரிந்தே முற்றத்தைத் திறந்து வைத்தார்கள். படத்தில் வராத ஒன்று இருக்கிறதென்றால் அது இதுதான். இதை விட்டுவிட்டு எடுக்கிற வீடியோ, அசைகிற ஸ்டில் மட்டுமே.

இப்போது நான் செய்வது இது. முதல் நாள் கேமராவைத் தொடாமல் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுக்குள் உட்காருகிறேன். எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு வெயில், எப்போது போகிறது என்று குறித்துக்கொள்கிறேன். வீட்டில் இருப்பவர்களிடம் கேட்கிறேன். எங்கே துணி காயும், எங்கே பூனை படுக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மாலையிலேயே ஸ்டில் கோணங்களைத் தீர்மானித்து, முக்காலியின் மூன்று கால்களுக்கும் தரையில் காகித டேப் ஒட்டி வைக்கிறேன். காலையில் வெயில் வந்ததும் ஒரே நிமிடத்தில் ஸ்டில். மீதி நேரம் முழுவதும் வீடியோவுக்கு. ஒரே நாள்தான் கொடுப்போம் என்றால், "அப்ப படத்தைக் குறைச்சுக்கலாம், இல்லன்னா வீடியோ வேண்டாம்" என்று பணம் பேசும்போதே சொல்லிவிடுகிறேன். சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனால் "ரெண்டையும் முடிச்சுக் குடுத்துடறேன்" என்கிற அந்த ஒரு வாக்கில்தான் இந்தத் தவறு தொடங்குகிறது.

1/60-இல் எடுப்பது

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே நேரடியாக மின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் வினாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் வினாடியில் 1/50 அல்லது 1/100 பங்கு என்றால் அந்தத் துடிப்பு ஒவ்வொரு ஃப்ரேமிலும் முழுசாக அடங்கிவிடும். வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த கேமராவில் 30 ஃப்ரேம், 1/60 என்று இருந்ததை மாற்றாமல் எடுத்தால், வெள்ளைச் சுவரில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். எடிட்டிங்கில் அதை நீக்குவது பெரும்பாடு. 25 ஃப்ரேம், 1/50. ஸ்லோமோஷன் வேண்டுமென்றால் 50 ஃப்ரேம், 1/100. வெளிச்சம் அதிகமென்றால் ஷட்டரை ஏற்றாமல், வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டரை லென்ஸில் போடுங்கள்.

புது வீடுகளில் ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஓடும் எல்இடி ஸ்ட்ரிப் வேறு ரகம். டிம்மரில் குறைத்து வைத்தால் பலவும் வேறொரு வேகத்தில் அணைந்து எரியும். 1/50 வைத்தும் பட்டை வரும். டிம்மரை முழுசாக ஏற்றுங்கள், அல்லது ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பாருங்கள். பத்து வினாடி எடுத்து, பெரிதாக்கி, சுவரைப் பாருங்கள். கேமராவின் சின்னத் திரையில் பட்டை கண்ணுக்குப் படாது.

வெளிச்சத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது

முகப்பிலிருந்து வளவுக்கு நடந்து போகிறீர்கள். முகப்பு இருட்டு, வளவு பளீர், அடுத்த கட்டு மறுபடி இருட்டு. ஆட்டோவில் விட்டால் கேமரா ஒவ்வொரு வாசல்நிலையிலும் மூச்சு வாங்கும்: வெளுக்கும், கறுக்கும், திரும்ப வெளுக்கும். முடிவில் மூன்று இடமும் ஒரே வெளிச்சத்தில் இருப்பது போல ஆகிவிடும். அந்த வீட்டின் அழகே இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வருவதில் இருக்கிறது. தெருவெயிலில் வந்தவனை முகப்பு முதலில் குளிர்விக்கிறது, அப்புறம்தான் வானத்தைக் காட்டுகிறது.

வளவுக்கு எக்ஸ்போஷர் வைத்துப் பூட்டுங்கள். முகப்பு இருட்டாகத்தான் வரும், வரட்டும். தூண் கோட்டுருவமாக நின்று, நடக்க நடக்க அதற்கு உடம்பு வருவதைப் பார்க்கிறவர் உணர்வார்.

எந்த வெளிச்சத்தை வெள்ளையாகக் கொள்வது என்று கேமராவுக்குச் சொல்லும் வைட் பேலன்ஸும் அப்படியே. ஜன்னல் பக்கம் நீலம், விளக்குப் பக்கம் மஞ்சள் என்று இருக்கும் அறையில் ஆட்டோ விட்டால், ஒரே ஷாட்டுக்குள் சுவர் நிறம் மாறும். ஸ்டில்லில் பகுதி பகுதியாகத் திருத்திப் பழகியவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். கூடியவரை விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள். அந்தி ஷாட்டுக்கு விளக்கு வேண்டுமென்றால் எல்லாமே ஒரே நிற பல்பாக இருக்கட்டும்.

16 மில்லிமீட்டரோடு நடப்பது

நின்ற இடத்தில் எடுக்கும்போது அகல லென்ஸ் அறையைக் காட்டும். அதே லென்ஸோடு நடந்தால் ஓரங்கள் இழுபடும். கதவு ஃப்ரேமை விட்டு வெளியேறும்போது ரப்பர் போல நீளும், பத்தடி அறை இருபதடியாகத் தெரியும். வாங்க வருகிறவர் நேரில் வந்து பார்த்து ஏமாறுவார். வீடியோவுக்கு நான் 24-க்குக் கீழே போவதில்லை, பெரும்பாலும் 35.

நடப்பதையும் குறையுங்கள். கேமராவை வழுக்கி நகர்த்தும் இரண்டடித் தண்டவாளம், ஸ்லைடர், போதும். முன்னால் ஒரு தூண், பின்னால் முற்றம் என்று வைத்து, மிக மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்தினால் இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்பது கண்ணுக்குப் புரியும். வேகமாகத் திருப்பினால் சென்சார் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால் நேர்த்தூண்கள் சாய்ந்துவிடும். கேமராவை மேலே சாய்க்கவும் வேண்டாம். 4கே-யில் நேராக வைத்து எடுத்து, 1080-க்கு வெட்டும்போது ஃப்ரேமை மேலே தள்ளிக்கொள்ளலாம். டில்ட்-ஷிஃப்ட்டில் செய்ததில் ஒரு பங்காவது கிடைக்கும்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையென்றால் உங்கள் கால்களைப் பாருங்கள். துடைத்துத் துடைத்து மெருகேறிய தரை அது. முக்காலியின் காலும் உங்கள் காலும் அதில் தெளிவாக விழும்.

சுழலும் ஃபேன்

விளக்குக்குக் கீழே ஃபேன் ஓடினால் அறை முழுக்க வெளிச்சம் வெட்டி வெட்டி விழும். ஒன்றை அணையுங்கள்.

ட்ரோனில் தொடங்குவது

வேண்டாம்.

பாட்டை முதலில் தேர்ந்தெடுப்பது

தாளத்துக்கு ஏற்ப வெட்ட ஆரம்பித்தால் எந்த அறையும் மூன்று வினாடிக்கு மேல் நிற்காது.

ஒலியை எடுக்காமல் வருவது

ஸ்டில்காரர்களுக்கு இது தோன்றவே தோன்றாது. ஒவ்வொரு அறைக்கும் ஓர் ஓசை உண்டு. கல் தரையில் சொம்பு வைக்கும் சத்தமும் மரத் தரையில் வைக்கும் சத்தமும் ஒன்றல்ல. ஏசியையும் ஃப்ரிட்ஜையும் நிறுத்திவிட்டு, யாரும் பேசாமல், அறைக்கு ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். பிறகு கதவைத் திறக்கிற சத்தம், தாழ்ப்பாள் விழுகிற சத்தம் தனித்தனியாக. கேமராவில் இருக்கும் மைக் போதாது. கையடக்க ரெக்கார்டர் ஒன்றை அறை நடுவில் வைத்துவிட்டு நகர்ந்து நில்லுங்கள்.

இரண்டாம் தடவை கானாடுகாத்தான் போனபோது நான் கிம்பலைக் கொண்டுபோகவே இல்லை. எட்டரைக்கே முக்காலி வைத்து, 35 லென்ஸில் வளவைப் பார்க்க விட்டு, தூண் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். வெயில் தூணின் தலையில் பட்டது. இறங்கியது. அடிக்கல்லைத் தாண்டித் தரைக்கு வந்து, வற்றல் வேட்டியின் ஓரத்தைத் தொட்டது. நிழல் பாதி வேட்டியை மூடியபோது அந்த அம்மா உள்ளிருந்து வந்தார். குனிந்து இரண்டு நுனியையும் பிடித்து ஒரு இழுப்பு. சருகு உரசுவது போல வற்றல் கல்லில் சரசரத்தது. வேட்டி மறுபடி வெயிலுக்குள் வந்தது. ஆர்க்கிடெக்ட் வீடியோவின் தொடக்கமாக அந்த ஷாட்டைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு வேட்டியை இழுத்துவிட்டு அந்த அம்மா நிமிர்ந்து கேமராவைப் பார்த்து, "இன்னும் ஓடுதாப்பா?" என்றார்.

"ஓடுதும்மா."

"அப்ப இரு, இன்னும் அரை மணில திரும்ப இழுப்பேன்."