பெரிய டிவி வாங்குவது எப்படி: ஆன்லைனா, சேலம் கடையா?

55 அங்குலம், 65 அங்குலம் என்று பெரிய டிவி வாங்க நினைப்பவர்கள் முதலில் கைபேசியை எடுத்து விலையைத்தான் பார்க்கிறார்கள். அமேசானில் இவ்வளவு, பிளிப்கார்ட்டில் இவ்வளவு, சேலம் ஐந்து ரோட்டுக் கடையில் இவ்வளவு என்று எழுதி, குறைவான தொகைக்கு வட்டம் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பு. விலையைக் கடைசியில் பாருங்கள் என்பேன் நான். பெட்டி உடையாமல் வீடு வந்து சேர யார் பொறுப்பு, ஓராண்டு கழித்துத் திரையில் கோடு விழுந்தால் யார் வருவார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கு முதலில் விடை தெரிய வேண்டும். சேலம் நகருக்குள் அழகாபுரத்தில் குடியிருப்பவருக்கும் மலைமேல் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் குடியிருப்பவருக்கும் அந்த விடை ஒன்றாக இருக்காது. முதல் முறை வாங்குபவர்களுக்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: வீட்டை அளந்துகொள்ளுங்கள்

டிவியின் அங்குலக் கணக்கு, திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரைக்குமான நீளம். அகலம் வேறு. 55 அங்குலத் திரை ஏறக்குறைய 122 செ.மீ. அகலமும் 69 செ.மீ. உயரமும் இருக்கும். 65 அங்குலம் என்றால் 144 செ.மீ. அகலம், 81 செ.மீ. உயரம். 75 அங்குலம் 166 செ.மீ. அகலத்துக்குப் போய்விடும். சேலத்துப் பழைய வீடுகளில் சிமெண்டில் கட்டிய ஷோகேஸ் இருக்கிறதே, அது அந்தக் காலத்துக் குழாய் டிவிக்காகக் கட்டியது. அதற்குள் 43 அங்குலம் நுழைந்தாலே பெரிய காரியம்.

சோபாவிலிருந்து சுவர் வரை எத்தனை அடி என்று பாருங்கள். திரை அளவைப் போல ஒன்றரை மடங்கு தூரம் வசதியாக இருக்கும். 55 அங்குலத்துக்கு ஏறக்குறைய 7 அடி, 65 அங்குலத்துக்கு 8 அடி, 75 அங்குலத்துக்கு 9 அடிக்குச் சற்று மேல். சந்தேகம் இருந்தால் பழைய செய்தித்தாள்களை ஒட்டி அந்த அளவில் சுவரில் மாட்டிப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்கள் உடனே கருத்துச் சொல்லிவிடுவார்கள்.

மாடி வீடு என்றால் படிக்கட்டின் திருப்பத்தையும் அளக்க வேண்டும். அட்டைப்பெட்டி டிவியைவிடப் பெரியது. அதை நிமிர்த்தியபடியேதான் தூக்க வேண்டும். சேலத்தின் குகை, அம்மாபேட்டைப் பகுதிச் சந்துகளில் உள்ள குறுகலான மாடிப்படிகளில் 65 அங்குலப் பெட்டி திரும்பாமல் நின்றுவிட வாய்ப்பு உண்டு.

படி 2: இதில் எதைப் பார்க்கப் போகிறீர்கள்?

இதை யாரும் கேட்பதில்லை. சாதாரண எஸ்.டி. (குறைந்த தெளிவு) கேபிள் ஒளிபரப்பின் படம் 720 × 576 புள்ளிகள் கொண்டது. 4கே திரையில் 3840 × 2160 புள்ளிகள். அதாவது வருகிற படத்தைப் போல இருபது மடங்கு புள்ளிகளை டிவி தானே இட்டு நிரப்ப வேண்டும். முகங்கள் மெழுகு பூசியதைப் போலத் தெரிவது இதனால்தான். பழைய எஸ்.டி. பெட்டியை வைத்துக்கொண்டு 65 அங்குலம் வாங்கினால், முன்பு தெரியாத குறைகளெல்லாம் பெரிதாகத் தெரியும். எச்.டி. (உயர் தெளிவு) பெட்டிக்கு மாறுவதையும், அதை எச்.டி.எம்.ஐ. கம்பி (படமும் ஒலியும் ஒன்றாகச் செல்லும் கம்பி) வழியாக இணைப்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இணையம் வழியே 4கே படம் பார்க்க நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட் வேகம் தடையில்லாமல் வர வேண்டும். காபித் தோட்டத்துக்குள் வீடு இருந்து, கைபேசிச் சிக்னலுக்கே வாசலுக்கு வர வேண்டியிருந்தால், 43 அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டு மிச்சப் பணத்தில் நல்ல ஒலிபெருக்கி வாங்கலாம்.

படி 3: மாடல் எண்ணை எழுத்து விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்

ஆன்லைனிலும் கடையிலும் ஒரே டிவிதான் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. ஒரே நிறுவனம், ஒரே அளவு, பார்வைக்கு ஒரே சட்டகம் என்றாலும் மாடல் எண்ணின் கடைசி இரண்டு மூன்று எழுத்துகள் மாறியிருக்கும். ஆன்லைனில் மட்டும் விற்பதற்கென்றே சில மாடல்களை நிறுவனங்கள் விடுகின்றன. எச்.டி.எம்.ஐ. துளை ஒன்று குறையலாம், ஒலியின் வாட் அளவு குறையலாம், திரையின் புதுப்பிப்பு வேகம் (நொடிக்கு எத்தனை முறை படம் மாறும் என்பது) 120 ஹெர்ட்ஸிலிருந்து 60 ஆகலாம். எண் முழுதாகப் பொருந்தாத இரண்டு டிவிகளின் விலையை ஒப்பிடுவது வீண் வேலை.

பெட்டியின் மீதுள்ள ஒட்டுத்தாளில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். மின் சிக்கன நட்சத்திர முத்திரை ஒட்டியிருந்தால், அதில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகும் என்பதைப் பாருங்கள். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு முத்திரையும் அவசியம். பெயர் கேள்விப்படாத நிறுவனத்தின் மலிவு டிவி என்றால் இதைக் கட்டாயம் தேடுங்கள்.

படி 4: ஆன்லைனில் வாங்கினாலும் கடைக்குப் போய்ப் பாருங்கள்

ஒரு டிவியின் நிறத்தைக் கைபேசித் திரையில் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஆகவே ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். ஓமலூர் சாலை, சாரதா கல்லூரி சாலை, நான்கு ரோடு, செரி ரோடு என்று சுற்றினால் போதுமான கடைகள் கண்ணில் படும். கூட்டமில்லாத வார நாளாக இருந்தால் விற்பனையாளர் நின்று பதில் சொல்வார்.

கடையில் ஓடும் படம் விற்பதற்கென்றே எடுத்தது. கிளி, பவளப்பாறை, தேன் சொட்டும் பழம் என்று எல்லாம் பளபளக்கும். டிவியும் கடைக்கான முறையில், வெளிச்சமும் நிறமும் உச்சத்தில் வைக்கப்பட்டிருக்கும். பட்டுப்புடவையைக் கடை விளக்கில் மட்டும் பார்க்காமல் வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பார்களே, அதே எச்சரிக்கை இங்கேயும் தேவை. ஒரு பென்டிரைவில் உங்கள் வீடியோக்களை எடுத்துப் போங்கள். இருட்டில் நடக்கும் காட்சி ஒன்று, பந்து வேகமாக ஓடும் கிரிக்கெட் காட்சி ஒன்று, நெருக்கத்தில் மனித முகம் ஒன்று. "அண்ணா, இதைப் போட்டு, படத்தைச் சினிமா முறைக்கு மாற்றுங்கள்" என்று கேளுங்கள். மறுக்கிற கடையில் வாங்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

இருட்டுக் காட்சியில் கறுப்பு, கறுப்பாக இருக்கிறதா, சாம்பலாக இருக்கிறதா என்று பாருங்கள். நேரே நின்று பார்த்துவிட்டு நான்கு அடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். சில திரைகளில் நிறம் வெளுத்துவிடும். அப்பா சாய்வு நாற்காலியில், பிள்ளைகள் தரையில், அம்மா சமையலறை வாசலில் என்று பார்க்கிற வீட்டுக்கு இது முக்கியம். ரிமோட்டை வாங்கிச் செயலிகளைத் திறந்து மூடிப் பாருங்கள். புதிதாக இருக்கும்போதே தயங்கித் தயங்கி நகர்கிற டிவி, மூன்று ஆண்டுக்குப் பிறகு பொறுமையைச் சோதிக்கும்.

காட்சிக்கு வைத்த டிவியைத் தள்ளுபடியில் தருகிறேன் என்றால் ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து. நாளெல்லாம் உச்ச வெளிச்சத்தில் எரிந்த திரை அது.

படி 5: இப்போது விலை

முதலில் ஒரு விஷயம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 50,000 ரூபாய் என்றால், முன்பு 64,000 ஆன விலை இப்போது 59,000. அதற்கு முந்தைய விலைப் பட்டியலையும் பழைய விமர்சனங்களில் சொன்ன விலையையும் வைத்துப் பேரம் பேசாதீர்கள்.

ஆன்லைன் விலையோடு சுவரில் மாட்டும் இரும்புச் சட்டத்தின் விலை, பொருத்தும் கூலி, கூடுதல் உத்தரவாதம் வேண்டுமென்றால் அதன் விலை ஆகியவற்றைக் கூட்டுங்கள். குறிப்பிட்ட வங்கி அட்டைக்கு மட்டும் உள்ள தள்ளுபடி, அந்த அட்டை உங்களிடம் இருந்தால்தான் தள்ளுபடி. வட்டியில்லாத் தவணை என்பதில் வட்டி இல்லாமல் இல்லை. பெரும்பாலும் வட்டிக்குச் சமமான தொகையை முன்கூட்டியே விலையில் கழித்துக் காட்டிவிட்டு, வங்கி வட்டியை வாங்கிக்கொள்ளும். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், தனியாகச் செயல்பாட்டுக் கட்டணமும் உங்கள் தலையில் விழும்.

இப்படிக் கூட்டிவந்த முழுத் தொகையைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஆன்லைன் விலைக்கே தர முடியாது என்பார்கள். வாடகையும் சம்பளமும் கொடுக்கிற கடைக்கு அது நியாயமும்தான். விலையில் பிடிவாதம் பிடிக்காமல், சட்டத்தையும் பொருத்துவதையும் இலவசமாகக் கேளுங்கள், பழைய டிவிக்கு நல்ல விலை கேளுங்கள். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் இந்தப் பேச்சு சீக்கிரம் முடியும். இரண்டாயிரம், மூன்றாயிரம் வித்தியாசம் நின்றால் நான் சேலம் கடையைத்தான் சொல்வேன். பத்தாயிரம் என்றாலோ, நீங்கள் விரும்பிய மாடல் ஊரில் இல்லையென்றாலோ, ஆன்லைனில் தயங்காமல் வாங்குங்கள். ஆனால் விற்பவரின் பெயரைப் பார்த்து, அவர் அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றவரா என்று உறுதி செய்த பிறகு.

படி 6: மலையில் வீடு இருந்தால்

ஏற்காடு, மஞ்சக்குட்டை, ஒண்டிக்கடைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கணக்கே மாறுகிறது. முதலில் உங்கள் பின்கோடைப் போட்டுப் பாருங்கள். சின்னப் பொருளை அனுப்பும் தளம் பெரிய டிவியை அனுப்ப முடியாது என்று சொல்லலாம். அனுப்பும் என்றாலும் எஸ்டேட் வாசல் வரையா, கடைவீதியோடு சரியா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பெட்டி ஒரு பக்கம் சாயும். சேலத்துச் சொந்தக்காரர் வீட்டில் இறக்கி, காரின் பின் இருக்கையில் படுக்கவைத்துக் கொண்டுபோகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். படுக்கவைத்த பெரிய திரை தன் எடையிலேயே வளைந்து, குலுங்கலில் உள்ளுக்குள் விரிசல் விடலாம். சின்னச் சரக்கு வண்டியில் நிமிர்த்தி வைத்து, இருபுறமும் மெத்தையோ பழைய போர்வையோ கொடுத்து, கயிறு திரைப் பக்கத்தை அழுத்தாமல் கட்ட வேண்டும். கடையில் வாங்கினால் இந்தத் தலைவலியை அவர்களிடமே விடலாம். "ஏற்காட்டு வீட்டில் இறக்கி, ஓட்டிக் காட்டிய பிறகே ஒப்படைப்பு முடிந்தது" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு அடிவாரத்திலேயே நின்றுவிடும்.

அடுத்தது சர்வீஸ். வாங்குவதற்கு முன்பே அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்து, ஏற்காட்டுக்கு ஆள் வருவாரா, பயணப்படி தனியா, டிவியை நாமே சேலத்துக்கு இறக்க வேண்டுமா என்று கேளுங்கள். பதில் இழுவையாக வந்தால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள். இந்த ஒரு போன், பத்து விமர்சன வீடியோக்களைவிட உபயோகமானது.

படி 7: பெட்டி வந்த நாள்

ஆன்லைனில் பெட்டியைத் திறந்து காட்டும் வசதி இருந்தால் தேர்ந்தெடுங்கள். டிவியைப் பார்த்த பிறகே ஓடிபி எண்ணைச் சொல்லுங்கள். முதலில் எண், பிறகு பெட்டி என்று அவசரப்படுத்தினால் அசையாதீர்கள். சில நிறுவனங்கள் தங்கள் ஆள் வந்துதான் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கின்றன. அப்படியானால் அட்டையில் நசுங்கல், ஓட்டை இருக்கிறதா என்று சுற்றிலும் படமெடுத்துவிட்டு, திறக்கும்போது இடைவிடாமல் வீடியோ எடுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு பெரும்பாலும் ஏழு அல்லது பத்து நாள்தான், பல டிவிகளுக்கு மாற்றித் தருவார்களே தவிரப் பணம் தரமாட்டார்கள். பொருத்துபவர் வரத் தாமதமானால் கெடு கரைந்துகொண்டிருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

ஓடவிட்டு, முழு வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரே நிறப் படங்களைப் போடுங்கள். கோடு, புள்ளி, மூலையில் வெளிச்சக் கசிவு எல்லாம் அப்போது தெரிந்துவிடும். கெடு முடியும் வரை அட்டையையும் தெர்மாகோலையும் பரணில் போட்டு வையுங்கள்.

படி 8: மாட்டுவதும் காப்பதும்

உட்கார்ந்த நிலையில் கண்ணுக்கு நேராகத் திரையின் நடுப்பகுதி வரட்டும். ஏற்காட்டு வீடுகளில் மழைப்பக்கச் சுவர் மாதக்கணக்கில் ஈரமாக இருக்கும். அதில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டுங்கள். சித்திரை, வைகாசியில் மலையில் இடி மின்னல் அதிகம். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையும் டிஷ் கம்பியையும் இணையக் கம்பியையும் பிடுங்கிவிட வேண்டும். மின்னல், மின்னழுத்தத்தால் வரும் சேதம் பொதுவாக உத்தரவாதத்தில் வராது. பேனல் (படம் தெரியும் திரைப் பகுதி) போனால் டிவி விலையில் பெரும்பகுதி போய்விடும்.

படி 9: தகராறு வந்தால்

குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாதபோது 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதை நியாயமற்ற வணிகமுறை என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். ஆன்லைன் தளம் என்றால், அதன் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சேலத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் பில் வேண்டும். கடைகளில் தரும் வழவழப்பான பில்லின் எழுத்து சில மாதங்களில் வெளுத்துவிடும் என்பதால், வாங்கிய அன்றே அதைப் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.