ஆன்டிபயாடிக் தொடங்கும் அன்றே ஐ.என்.ஆர். தேதியைக் குறித்துவிடுங்கள்

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் சாப்பிடுபவருக்கு டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினால், முதல் மாத்திரை போடும் அன்றே ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண், ஏறினால் இரத்தக் கசிவு, இறங்கினால் உறைகட்டி வரலாம்) பரிசோதனைக்கு இரண்டு தேதி கேட்டு வாங்குங்கள்: தொடங்கி 3 முதல் 5 நாளுக்குள் ஒன்று, கோர்ஸ் முடிந்து ஒரு வாரத்தில் இன்னொன்று. மாதாந்திரப் பரிசோதனை வரட்டும் என்று விட்டால், அதற்குள் 7 நாள் கோர்ஸே முடிந்திருக்கும்.

அதிகம் படுத்துபவை மெட்ரோனிடசோலும் கோ-டிரைமாக்சசோலும். வார்ஃபரினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை இவை தடுப்பதால், அதே 5 மி.கி. மாத்திரை கூடுதல் டோஸ் மாதிரி வேலை செய்யும், 2.5-இல் நின்ற ஐ.என்.ஆர். 5-ஐத் தாண்டலாம். காய்ச்சலில் சாப்பாடு குறைந்தால் இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யும் குறைந்து இன்னும் ஏறும். இடையில் வார்ஃபரின் அளவைக் குறைத்திருந்தால், கோர்ஸ் முடிந்ததும் ஐ.என்.ஆர். சரியும், இரண்டாவது தேதி அதற்குத்தான். அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். மலம் கறுத்தாலோ சிறுநீர் சிவந்தாலோ தேதிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினுக்கு இந்த இரண்டு தேதி போதாது. அது ஐ.என்.ஆரை இறக்கும், நிறுத்திய பிறகும் சில வாரம் விளைவு நீடிக்கும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வேறு மருந்துகளான அபிக்சபான், ரிவராக்சபான், டாபிகாட்ரான் சாப்பிடுபவர்களுக்கு இந்தக் குறிப்பே பொருந்தாது, ஐ.என்.ஆர். அவற்றின் அளவைக் காட்டாது. இவற்றைச் சாப்பிடுபவர்கள், சீட்டில் கிளாரித்ரோமைசினோ ரிஃபாம்பிசினோ இருந்தால் முதல் டோஸுக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். வாயில் தடவும் மைக்கோனசோல் ஜெல் பூஞ்சை மருந்துதான், ஆனாலும் வார்ஃபரினோடு சேர்ந்தால் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும்.