கம்பிக்குக் கீழே என்ன மரம் வைக்கலாம்?

நான் ஓய்வுபெற்ற லைன்மேன். ஐப்பசி மழையில் ராத்திரி இரண்டு மணிக்கு, தெருவே இருட்டாகக் கிடக்கிறது என்று கூப்பிடுவார்கள். போய் டார்ச் அடித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு வேப்பங்கிளை இரண்டு கம்பிகளையும் சேர்த்து உரசிக்கொண்டு நிற்கும். வேம்பின் மேல் எனக்குக் கோபமில்லை, அதை அங்கே நட்டவர் மேல்தான்.

கன்று வாங்குமுன் அண்ணாந்து பாருங்கள். கம்பத்தடியில் நின்று பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இரண்டு கம்பத்துக்கும் நடுவில்தான் கம்பி தொய்ந்து தாழ்ந்திருக்கும். சித்திரை வெயிலில் இன்னும் இறங்கும். தெருவோடு ஓடும் சாதாரண வீட்டு லைன் தரையிலிருந்து குறைந்தது 5.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. அது 18 அடி. முழுதாக வளர்ந்தாலும் 12 அடிக்குள் அடங்கும் மரம்தான் சரி என்பது என் கணக்கு. கம்பு நீட்டி அளந்து பார்க்காதீர்கள், கண்ணளவு போதும். மேலே போவது 11,000 வோல்ட் லைன் என்றால் செம்பருத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த லைன் என்று தெரியாவிட்டால் உங்கள் ஏரியா ஒயர்மேனைக் கேளுங்கள்.

எனக்குப் பிடித்தது பவளமல்லி. விடிகாலையில் வாசலெல்லாம் பூ. உயர்ந்தால் வெட்டிவிடலாம், மறுபடி தழைக்கும். வெள்ளை மந்தாரை அதைவிடக் குட்டை, வெட்டும் வேலையே குறைவு. நந்தியாவட்டையும் நல்லதுதான். அரளியை மாடு கடிக்காது, ஆனால் விஷம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். கொய்யா, எலுமிச்சை வைத்தால் பழம் கைக்கெட்டும் உயரத்திலேயே இருக்கும்படி வருஷாவருஷம் கவாத்து செய்யுங்கள்.

முருங்கை மட்டும் கூடவே கூடாது. விறுவிறுவென்று வளரும், காற்றுக்கு முறியும். அதைவிட மோசம், உச்சியில் தொங்கும் காயைப் பறிக்க இரும்புத் துறட்டியை எடுத்துக்கொண்டு வருவார்கள். அப்படிப் போன ஒருவர் வீட்டு வாசலில் நான் நின்றிருக்கிறேன். அதற்குமேல் எழுத மனமில்லை.

வேம்பும் புங்கனும் வேண்டுமென்றால் கம்பி ஓடாத எதிர்ப்பக்கம் வையுங்கள். கம்பிக்கடியில் வைத்துவிட்டுத் தலையை வெட்டினால், வெட்டிய இடத்திலிருந்து பத்துத் துளிர் நேராக மேலே கிளம்பும். ஒட்டும் பலமிருக்காது, காற்றடித்தால் கம்பி மேலேயே விழும்.

குழியைக் கம்பத்திலிருந்தும், அதைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியிலிருந்தும் தள்ளி எடுங்கள்; ஏணி சாய்க்க இடம் வேண்டும்.

கிளை ஏற்கெனவே கம்பியைத் தொட்டுவிட்டதா? மரத்தைத் தொடாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லுங்கள். நாங்களே லைன் கிளியர் என்கிற வேலை அனுமதியை வாங்கி, லைனைத் துண்டிக்கும் ஏபி சுவிட்சைத் திறந்து, கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டிய பிறகுதான் அரிவாளைக் கையில் எடுப்போம்.