கோடையில் கடிக்கும் ஈக்கள்: புதிதாக மாடு வைத்திருப்போருக்கு ஒரு செய்முறை விளக்கம்

இரண்டு மாடு, ஒரு கன்று என்று புதிதாகக் கறவை தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். சித்திரை பிறந்ததும் சில கொட்டகைகளில் ஒரு தொல்லை ஆரம்பிக்கும். மாடு நின்ற இடத்தில் நிற்காது. காலை மாற்றி மாற்றித் தரையில் அடிக்கும், வாலை ஓயாமல் வீசும், கறக்க உட்கார்ந்தால் செம்பைத் தட்டிவிடும். திமிர் பிடித்த மாடு என்று பின்னங்கால்களைக் கயிற்றால் பிணைத்துக் கறப்பவர்களும் உண்டு. கயிற்றை எடுப்பதற்கு முன் ஒருமுறை குனிந்து அந்தக் கால்களைப் பாருங்கள்.

படி 1: எந்த ஈ என்று கண்டுபிடியுங்கள்

கொட்டகையில் பறப்பதெல்லாம் கடிப்பதில்லை. சாதாரண வீட்டு ஈக்குக் கடிக்க வாயே கிடையாது, நக்கத்தான் தெரியும். அதே அளவில், அதே சாம்பல் நிறத்தில் இன்னொன்று இருக்கிறது. மாட்டின் முழங்காலுக்குக் கீழே, பெரும்பாலும் தலை மேல்நோக்கி உட்கார்ந்திருக்கும். தலைக்கு முன்னால் கறுப்பாக ஓர் ஊசி நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான் ஆள். ஆண், பெண் இரண்டுமே இரத்தம் குடிக்கும். சில நிமிடங்களில் வயிறு நிறைந்ததும் பறந்து போய்ச் சுவரிலோ தூணிலோ உட்கார்ந்துகொள்ளும். மாட்டின் மேல் அது இருப்பது கொஞ்ச நேரம்தான் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் படிகளுக்கு இதுதான் அடிப்படை.

இதைவிடப் பெரியதாக, புடைத்த கண்களோடு ரீங்காரமிட்டு வரும் மாட்டு ஈ வேறு. அதில் பெண் மட்டுமே கடிக்கும். தோலை அறுத்து, கசியும் இரத்தத்தை உறிஞ்சும். அதன் புழுக்கள் பெரும்பாலும் குளம், வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் வளர்வதால் கொட்டகையை எவ்வளவு துடைத்தாலும் அது வந்துகொண்டுதான் இருக்கும். முதுகிலும் திமிலிலும் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய ஈக்கள் இன்னொரு வகை; அவை புதுச் சாணத்தில் முட்டையிடுபவை.

படி 2: எண்ணுங்கள்

காலையில் கறவை முடிந்து வெயில் ஏறும் நேரத்தில், ஒவ்வொரு மாட்டின் முன்னங்கால்களிலும் எத்தனை ஈ என்று எண்ணி நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஒரு காலுக்கு ஐந்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால் உடனே வேலையில் இறங்க வேண்டும். எண்ணாமல் மருந்து அடிப்பவர்கள் அது வேலை செய்ததா இல்லையா என்று கடைசிவரை அறிய மாட்டார்கள்.

படி 3: பிறக்கும் இடத்தைக் கலையுங்கள்

உண்மையான வேலை இதுதான். மற்றதெல்லாம் இதற்குத் துணை.

கடிக்கும் ஈயின் புழுவுக்குத் தேவை ஈரம். வைக்கோலும் சாணமும் மூத்திரமும் கலந்து மட்கும் இடம் அதற்குச் சொர்க்கம். ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும் கோடையில் அந்த ஈரம் எங்கே கிடைக்கும்? நாம் தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவும் கொட்டகையில்தான். இரண்டு கோடை மழை பெய்துவிட்டால் வெளியே கிடக்கும் குப்பையும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு இந்த இடங்களைக் கிளறிப் பாருங்கள்: தீவனத் தொட்டியின் அடிப்புறம், தண்ணீர்த் தொட்டி வழியும் மூலை, மூத்திரக் கால்வாய் அடைத்துக்கொண்ட இடம், வைக்கோல் போரின் நனைந்த அடிப்பகுதி, கன்று கட்டும் இடத்துப் படுக்கை. மேலே காய்ந்த ஏடு போலத்தான் தெரியும். இரண்டு விரற்கடை ஆழத்தில் கறுப்பாக, கதகதப்பாக, வெளுத்த புழுக்கள் நெளிந்துகொண்டிருக்கும். அரிசி அளவில் செம்பழுப்புக் கூடுகளும் கண்ணில் படும். அடுத்த சில நாட்களில் பறக்கப் போகிறவை அவை. கன்றுக் கொட்டடியை யாரும் சந்தேகிப்பதில்லை, ஆனால் பல வீடுகளில் முதல் குற்றவாளி அதுதான்.

கடிக்கும் ஈயின் முட்டை ஈயாக மாற, வெயில் காலத்தில் இரண்டு மூன்று வாரம் போதும். வீட்டு ஈக்கு அதுவும் வேண்டாம், ஒரு வாரம் பத்து நாளில் முடித்துவிடும். ஆகவே, வாரம் ஒருமுறை மேற்சொன்ன இடங்களை அடிவரை சுரண்டி எடுத்தால் இரண்டின் சங்கிலியும் அறுந்துவிடும். சாணத்தைத் தினமும் அள்ளுங்கள். மாடு தின்னாமல் ஒதுக்கிய தீவனத்தை அங்கேயே மிதிபட விடாதீர்கள். வழியும் தொட்டிக்கு மிதவை வால்வு போடுங்கள். ஆகும் செலவு மருந்துச் செலவைவிடக் குறைவு.

அள்ளியதை என்ன செய்வது? மூன்று வழிகள். சாண எரிவாயுக் கலன் இருந்தால் கவலையே இல்லை. இல்லையென்றால், மெல்லியதாகப் பரப்பி வெயிலில் காயவிடுங்கள். காய்ந்த சாணத்தில் புழு பிழைக்காது. (வறட்டி தட்டிய வீடுகளில் ஈ குறைவாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.) எருக்குழிதான் என்றால் குவித்து, மேலே தார்ப்பாயை இழுத்து மூடி, ஓரங்களில் மண் போடுங்கள். குவியலின் நடுவே சூடு ஏறிப் புழு சாகும். ஓரம் குளிர்ச்சியாக இருப்பதால் அங்கே தப்பிக்கும்; அதனால் வாரம் ஒருமுறை ஓரத்தை நடுவுக்குத் தள்ளிவிடுங்கள்.

படி 4: பொறி வையுங்கள்

காலைக் கடிக்கும் இந்த ஈக்கு நீல நிறம் பிடிக்கும். நீல பிளாஸ்டிக் அட்டையில் ஆமணக்கு எண்ணெயையோ கிரீஸையோ தடவி, இடுப்புக்குக் கீழான உயரத்தில், மாட்டின் நாக்குக்கு எட்டாத இடத்தில் கட்டுங்கள். உயரத்தில் மாட்டினால் பயனில்லை. இது தாழப் பறக்கும். தூசி படிந்ததும் துடைத்து மறுபடி தடவ வேண்டும்.

ஜப்பானில் கறுப்பு மாடுகளின் மேல் வரிக்குதிரை போல வெள்ளைக் கோடு தீட்டிப் பார்த்தார்கள். கடி ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2019-இல் ஆய்வு வெளியானது; 2025-இல் அதற்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. நம் ஊரில் யாராவது செய்தால் தெருவே கூடிவிடும், ஆனால் விஷயம் விளையாட்டல்ல.

படி 5: மாட்டின் மேல் தெளிப்பது

உண்ணிக்குப் பரிந்துரைக்கப்படும் மூலிகைக் கரைசல் ஈயையும் சற்று நேரம் அண்டவிடாது. பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பங்கொட்டை, துளசி, உண்ணிச்செடி இலை தலா ஒரு கைப்பிடி. அரைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, வடிகட்டித் தெளியுங்கள். கால்களில் தாராளமாக. கண், மடி, காம்பு பக்கம் வேண்டாம். கறந்து முடித்த பிறகே தெளியுங்கள், இல்லையென்றால் பாலில் வாடை ஏறும். வடிகட்டிய சக்கையைத் தீவனத் தொட்டி அருகில் போடாதீர்கள். உண்ணிச்செடியைத் தின்றால் மாட்டுக்கு நஞ்சு.

வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து மிச்சத்தை மாட்டின் மேல் அடிக்கும் பழக்கத்தைக் கண்டிப்பாக விடுங்கள். கால்நடைக்கென்றே உள்ள மருந்தையும் மருத்துவரைக் கேட்டு, எத்தனை நாள் பாலைத் தவிர்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

படி 6: மூட்டமும் விசிறியும்

வேப்பிலை, நொச்சி மூட்டம் ஈயை விரட்டும், கொல்லாது. காற்று வரும் பக்கத்தில், வைக்கோலிலிருந்து நன்றாகத் தள்ளிப் போடுங்கள். கொட்டகையை மூடிப் புகையை அடைத்தால் கன்றுதான் முதலில் இருமும். கறக்கும் நேரத்துக்கு மட்டும் என்றால் கால்களை நோக்கித் திருப்பிய மின்விசிறியே மேல். காற்றடிக்கும் இடத்தில் ஈயால் நிலைத்து உட்கார முடியாது.

படி 7: மருத்துவரை எப்போது அழைப்பது

கடி வலியோடு போவதில்லை. 2022-இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் ஏராளமான மாடுகளைப் பலிகொண்ட தோல் கழலை நோய் கடிக்கும் ஈக்கள் வழியாகவும் பரவுவது. உடலெங்கும் கட்டிகளும் காய்ச்சலும் கண்டால் அந்த மாட்டைத் தனியாகக் கட்டுங்கள். விட்டு விட்டு வரும் காய்ச்சல், வெளுத்த கண் இமை, மெலிவு, நின்ற இடத்தில் சுற்றுதல் ஆகியவை ஈ பரப்பும் 'சர்ரா' நோயாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இரண்டிலும் கைவைத்தியத்தில் நாள் கடத்தாதீர்கள். அருகில் கால்நடை மருந்தகம் இல்லையென்றால் 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். அழைக்கும்போது ஈ எண்ணிக்கை குறித்த நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தொல்லை எப்போது தொடங்கியது என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார்.