இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட்டும் மினுக்கியது

என்னுடையது 1974 மாடல் கார், ஞாயிற்றுக்கிழமை ஓட்ட மட்டும். இடது இண்டிகேட்டரைப் போட்டால் அந்தப் பக்கத்துப் பார்க் லைட்டும் சேர்ந்து மினுக்கும். பல்பு, பியூஸ், இண்டிகேட்டரை மினுக்கவைக்கும் பிளாஷர் என்று மாற்றியதெல்லாம் தண்டச் செலவு.

அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். விளக்கை எரியவிட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் விளக்கின் எர்த் வயருக்கும் (கரண்ட் கார் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழி) நடுவே பார்த்தால் 2.6 வோல்ட்! 0.2-க்குள் இருக்க வேண்டியது. எர்த் சரியாகக் கிடைக்காத கரண்ட், பார்க் லைட் இழை வழியாக வேறு வழி தேடியிருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு ஓம்ஸ் (மின்தடை) பார்த்தபோது எல்லாம் சரி என்றே காட்டியது. கரண்ட் ஓடும்போதுதான் குட்டு வெளிப்படும்.

எர்த் போல்ட்டுக்கு அடியில் துரு, அதன்மேல் எந்தப் புண்ணியவானோ அடித்த பெயின்ட். உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். இப்போது 0.05 வோல்ட்.