கேட்டுக் கேட்டே பாட்டை அடுக்குவது

கோத்தகிரியில் என் லேப்டாப் திரை அணைந்தேதான் கிடக்கும். பார்வையற்றோருக்காகத் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளான என்விடிஏ பேசினால் போதும். இலவசம்தான். கூட வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் படிக்கும், கொஞ்சம் கரகரப்பாக.

கோப்பின் பெயரில், வேறுபடும் சொல் முதலில் வரட்டும். எல்லாப் பெயரும் ஏதோ இணையதளத்தின் பெயரில் தொடங்கினால், முதலெழுத்தைத் தட்டித் தாவ முடியாது. எஃப்2 அழுத்தித் திருத்துங்கள். என்டருக்குப் பதில் டேப் தட்டினால் அடுத்த கோப்பு திருத்தத் தயார்.

பெரிய வேலை ஜானர், அதாவது பாட்டின் வகைதான். ஊர்க்காரர்கள் பென்டிரைவில் தந்த படுகப் பாட்டுகளில் ‘படகா’, ‘படுகா’, ‘படுகு’ என ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். காதுக்கு ஒன்றுபோலத் தோன்றும். நம்பர்பேடில் 5-ஐ இருமுறை தட்டினால் எழுத்தெழுத்தாகச் சொல்லும். பிறகு ஃபூபார்2000 என்ற பாட்டு இயக்கியில் எல்லாவற்றையும் தேர்ந்து, ஆல்ட்+என்டர் அழுத்தி, ஜானர் வரியில் ஒரே பெயரைப் போடுங்கள். நகல் எடுத்துவிட்டுச் செய்யுங்கள்; மழைக்காலத்தில் இங்கே கரண்டை நம்ப முடியாது.