எதிரணி ஊரில் கடைசி மேட்ச்: திண்ணையில் உட்கார்ந்து வியூகம் பேசுவது எப்படி

தீர்மானிக்கிற கால்பந்து மேட்ச் எதிரணியின் ஊரில் என்று தெரிந்துவிட்டால் போதும், காரைக்குடிக் கல்லுக்கட்டிப் பக்கம் டீ குடிக்க வருகிற எல்லாரும் கோச் ஆகிவிடுவார்கள். ஒருத்தர் 4-3-3 என்பார், இன்னொருத்தர் அஞ்சு பேரைப் பின்னால் நிறுத்தாவிட்டால் செத்தோம் என்பார், மூணாவது ஆள் இந்த ரெண்டையும் காதில் வாங்காமல் கோல்கீப்பரைத் திட்டிக்கொண்டிருப்பார். சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போய்வந்தால் எந்த மாடு எந்தப் பக்கம் திரும்பும், எப்போது தலையைத் தாழ்த்தும் என்று அவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிற அதே ஆட்கள், கால்பந்து என்றால் மட்டும் "மனசு வச்சு ஆடுனா ஜெயிச்சுரலாம்ண்ணே" என்று முடித்துவிடுகிறார்கள். எங்கள் காரைக்குடி ஜமாவில் இதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறோம். உங்கள் அணி சென்னையோ மாட்ரிடோ, முறை ஒன்றுதான்.

பின்னால், நடுவில், முன்னால் எத்தனை பேர் என்று சொல்கிற ஃபார்மேஷன் எண்ணை யாரும் முதலில் வாயெடுத்துச் சொல்லக் கூடாது. தினக்காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை எடுத்து, பின்பக்கம் ரெண்டே ரெண்டு வரி எழுதுங்கள். நமக்கு என்ன ரிசல்ட் போதும்? அவர்களுக்கு என்ன ரிசல்ட் போதும்? முதல் வரியை எல்லாரும் எழுதிவிடுவார்கள், ரெண்டாவது வரியில்தான் விஷயம் இருக்கிறது. டிரா அவர்களுக்குப் போதும் என்றால் அவர்கள் அவசரப்பட மாட்டார்கள், பந்தை நம்மிடம் கொடுத்துவிட்டு நாம் முன்னேறி வரட்டும் என்று காத்திருப்பார்கள், அப்போது அவர்கள் ஏறி வரும்போது பந்தைப் பறித்து வேகமாக முன்னேறுகிற கவுண்டர் அட்டாக் என்று நாம் போடுகிற திட்டமெல்லாம் வீண். அவர்கள் ஜெயித்தே ஆக வேண்டும் என்றால் நிலைமை தலைகீழ், நேரம் போகப் போக அவர்களுடைய ஃபுல்பேக்குகள், அதாவது ஓர டிஃபெண்டர்கள், மேலே ஏறுவார்கள், அவர்கள் விட்டுவிட்டு வந்த இடம் நமக்கு.

இந்த இடத்தில் பழைய ஆட்கள் ஒரு குழப்பம் பண்ணுவார்கள். ஐரோப்பியப் போட்டிகளில் எதிரி மண்ணில் போட்ட கோலுக்குக் கூடுதல் மதிப்பு என்ற விதியை ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏ 2021-22 சீசனிலிருந்து எடுத்துவிட்டது. இன்னமும் "அங்க ஒண்ணு போட்டா ரெண்டு மாதிரி" என்று ஆரம்பிக்கிறவரை மரியாதையாகவே நிறுத்துங்கள். இப்போது ரெண்டு ஊரிலும் ஆடிய ரெண்டு மேட்சின் மொத்தக் கோல் சமமானால் கூடுதல் நேரம், அப்புறம் பெனால்டி. நீங்கள் பேசுகிற போட்டியின் விதி என்ன என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள், ராத்திரி பதினொரு மணிக்குச் சண்டை வராது.

இந்த ரெண்டு வரி எவ்வளவு தூரம் இழுத்துப்போகும் என்பதற்கு 1989 மே 26 நல்ல உதாரணம். இங்கிலாந்து லீகின் கடைசி மேட்ச், லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில். ஆர்சனல் ரெண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் கோப்பை. ரெண்டு கோல் வேண்டும் என்றதும் நம் திண்ணை என்ன சொல்லும்? மூணு ஸ்ட்ரைக்கர் போடு, முதல் நிமிடத்திலிருந்து மேலே ஏறு. ஆர்சனல் கோச் ஜார்ஜ் கிரஹாம் செய்தது நேர் எதிர். நடுவில் நிற்கிற டிஃபெண்டர்களான சென்டர் பேக்குகள் மூணு பேரை வைத்து ஆடினார். பாதி ஆட்டம் வரை 0-0, 52ஆவது நிமிடம் ஆலன் ஸ்மித் தலையால் ஒன்று, இஞ்சுரி டைமில் மைக்கேல் தாமஸ் இன்னொன்று. ஒரு கோலில் தோற்றாலும் கோப்பை தங்களுக்குத்தான் என்ற நிலையில் இருந்த லிவர்பூல், முன்னேறுவதா பின்னாலேயே நிற்பதா என்று முடிவெடுக்க முடியாமல் ஆடியது. கோலாலம்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பெரியப்பா ஒருத்தர் எங்கள் ஜமாவில் இருக்கிறார், லிவர்பூல் வெறியர். இந்த உதாரணத்தை அவர் முன்னால் எடுக்கும்போது பார்த்து எடுக்க வேண்டியிருக்கிறது.

சரி, தாள் எழுதியாச்சு. அடுத்தது பலகை. செட்டிநாட்டு வீட்டில் இதற்குக் காசு செலவே இல்லை, தரையில் ஆத்தங்குடிக் கல் இருக்கிறது. நீளத்துக்கு ஆறு கல், அகலத்துக்கு நாலு கல் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய மேட்ச் நடக்கிற மைதானம் 105 மீட்டருக்கு 68 மீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு கல் ஏறக்குறைய 17 மீட்டர், ரெண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்துகிறது. பெனால்டி பாக்ஸின் ஆழம் 16.5 மீட்டர், அதாவது ஒரு கல். அதன் அகலம் 40 மீட்டர் சொச்சம், நடுவில் உள்ள ரெண்டு கல்லும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொஞ்சமும். நம் ஆட்களுக்குப் புளியங்கொட்டை பதினொன்று, அவர்களுக்குச் சோழி பதினொன்று, பந்துக்கு ஒரு காய்ந்த பட்டாணி. பல்லாங்குழிச் சோழியை எடுத்ததற்கு வீட்டில் திட்டு விழும், மேட்ச் முடிந்ததும் எண்ணித் திருப்பி வைத்துவிடுங்கள்.

இனிமேல்தான் வாய்ப்பேச்சு எல்லாம் அடிபடும். "நல்லா பின்னால போய் நிப்போம்" என்று ஒருத்தர் சொன்னால் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நாலு புளியங்கொட்டையை பாக்ஸ் ஓரத்தில், அதாவது கோலிலிருந்து ஒரு கல் தள்ளி வைப்பார். ஸ்ட்ரைக்கரை எங்கே வைத்தார் என்று பாருங்கள், பெரும்பாலும் அஞ்சாவது கல்லில் தனியாக நிற்பான். நடுவில் நாலு கல், 70 மீட்டர். அந்த இடைவெளியில் அவர்களுடைய நல்ல மிட்ஃபீல்டர் பந்தை வாங்கித் திரும்பி, தலையைத் தூக்கிப் பார்த்து, நிதானமாகப் பாஸ் போடுவான். கடைசி டிஃபெண்டருக்கும் முதல் ஸ்ட்ரைக்கருக்கும் நடுவே ரெண்டு கல்லுக்கு மேல் போகக் கூடாது என்பது எங்கள் தரைக் கணக்கு. பின்னால் நிற்பதென்றால் ஸ்ட்ரைக்கரும் மூணாவது கல்லுக்கு இறங்கி வர வேண்டும். அது சரியில்லை, டிஃபென்ஸை நடுக்கோடு வரை ஏற்றுவோம் என்றால் முதுகுக்குப் பின்னால் மூணு கல் காலி, 50 மீட்டருக்கு மேல். நம் சென்டர் பேக் அந்த தூரத்தை ஓரத்தில் ஓடுகிற அவர்களுடைய விங்கரோடு போட்டி போட்டு ஓடுவானா? ஓட மாட்டான் என்றால் அந்தத் திட்டத்தை அங்கேயே விட்டுவிடலாம், மேற்கொண்டு பேச வேண்டாம்.

முன்னிலையில் இருக்கும் அணி தடுத்தாடலாமா என்பதுதான் எல்லா ஊரிலும் பெரிய சண்டை. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே மைதானத்தில் சாட்சி இருக்கிறது. 2010 ஏப்ரலில் இன்டர் மிலான் முதல் மேட்சில் 3-1 ஜெயித்துவிட்டு பார்சிலோனா போனது. 28ஆவது நிமிடத்தில் தியாகோ மோட்டாவுக்கு ரெட் கார்டு. மிச்ச நேரம் முழுக்கப் பத்து பேர், கோல் போடவே பிறந்த ஏட்டோ ஃபுல்பேக் மாதிரி கீழே இறங்கி ஓடினார். 0-1 தோல்வி, மொத்தத்தில் 3-2, இன்டர் ஃபைனலில். பார்சிலோனாவின் அதே கேம்ப் நூ மைதானத்துக்கு 2017 மார்ச்சில் பாரிஸ் அணி பிஎஸ்ஜி 4-0 முன்னிலையோடு போனது, அவர்களும் பின்னால் போய் நின்றார்கள், மூணாவது நிமிடமே கோல் வாங்கினார்கள், 6-1 தோல்வி, அதில் கடைசி மூணு கோல் 88ஆவது நிமிடத்திலிருந்து. ஆகவே "தடுத்தாடினா தோப்போம்", "தடுத்தாடினா தப்பிப்போம்" ரெண்டையும் பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை. இன்டரின் வரிசைகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன, நடுப்பக்கத்தை அடைத்துவிட்டு ஓரத்தை விட்டுக்கொடுத்தன. பிஎஸ்ஜி பந்தைத் தட்டிவிட்டால் அது உடனே திரும்பி வந்தது, ஏனென்றால் மேலே பந்தைப் பிடித்து வைக்க ஆளில்லை. தரையில் புளியங்கொட்டையை வைத்துப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: நாம் தட்டிவிடுகிற பந்து யாரிடம் போகிறது?

கார்னர், ஃப்ரீகிக் மாதிரி ஆட்டம் நின்று தொடங்குகிற செட் பீஸுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். நம்மவர்கள் இதைப் பேசுவதே இல்லை, எனக்கு இது புரிந்ததும் இல்லை, ஏனென்றால் தமிழ்நாட்டு ரசிகனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம், ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனல். லீகில் பெங்களூரு 40 புள்ளி, நம் சென்னையின் எஃப்சி 32. ஆடுவதும் அவர்கள் வீட்டில். ஒன்பதாவது நிமிடமே சுனில் சேத்ரி கோல். அப்புறம் 17ஆவது நிமிடம் நமக்குக் கார்னர், மைல்சன் ஆல்வெஸ் தலையால் கோல். 45ஆவது நிமிடம் மறுபடி கார்னர், மறுபடி ஆல்வெஸ் தலை. 67இல் ரஃபேல் அகஸ்டோ. கடைசியில் பெங்களூருவின் மிக்கு ஒன்று திருப்பிப் போட்டும் 3-2, கோப்பை நமக்கு. எதிரணி ஊரில் பந்து நம் காலில் இருக்கிற நேரம் குறையலாம், கார்னர் கொடியிலிருந்து அடிக்கும்போது கூட்டம் எவ்வளவு கத்தினாலும் பந்து நம்முடையதுதான். அதனால் யார் அடிப்பது, யார் முதல் போஸ்ட் பக்கம் ஓடுவது, யார் கீப்பர் முன்னால் நிற்பது என்று சோழிகளுக்கு நடுவே கொட்டைகளை வைத்துப் பேசுங்கள். எத்தனை பேர் பின்னால் நிற்பது என்பதையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் ரெண்டு பேரை மேலே விட்டிருந்தால் நாம் மூணு பேர்.

கூட்டத்தின் சத்தத்தைப் பற்றி ரொம்ப நேரம் பேச வேண்டாம். அது உண்மைதான், 2020 மே மாதம் ஜெர்மனியின் பண்டஸ்லீகா காலி மைதானங்களில் மறுபடி தொடங்கியபோது சொந்த ஊரில் ஜெயிப்பது நன்றாகவே குறைந்தது. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து அதற்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுதான்: முதல் பதினைந்து நிமிடத்துக்குத் தனித் திட்டம். த்ரோவுக்கு நிதானமாகப் போவது, ஓரமாக ஃப்ரீகிக் வாங்குவது, நம் பாக்ஸ் முன்னால் குறுக்கே பாஸ் போடாமல் இருப்பது.

மாற்று வீரர்களில்தான் கணக்குத் தப்பும். அஞ்சு பேரை மாற்றலாம், ஆனால் இடைவேளை போக ஆட்டத்தை நிறுத்தி மாற்ற மூணு வாய்ப்புதான். 60ஆவது நிமிடம் ஒருத்தர், 65இல் ஒருத்தர், 70இல் ஒருத்தர் என்று அடுக்கிக்கொண்டே போகிற தம்பியிடம் அதற்கப்புறம் டிஃபெண்டருக்குக் காலில் அடிபட்டால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். பின்தங்கியிருந்தால் யாரை இறக்குவது, முன்னிலை என்றால் யாரை என்று ரெண்டு பட்டியல் தேவை. 2015 டிசம்பரில் கோவா ஃபடோர்டாவில் நடந்த ஐஎஸ்எல் ஃபைனலில் 87ஆவது நிமிடத்தில் 2-1 என்று கோவாதான் முன்னிலை. அவர்களுடைய கீப்பரின் செல்ஃப் கோல், உடனே இஞ்சுரி டைமில் நம் மென்டோசா, 3-2 என்று ஜெயித்தது சென்னையின் எஃப்சி. 87இல் டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனவர்கள் நம் ஊரிலும் உண்டு, பெயர் வேண்டாம்.

ஜமாவில் ஒருத்தரை எதிரணி கோச்சாக நியமியுங்கள். சோழிகள் முழுக்க அவர் பொறுப்பு, நம் திட்டத்தை உடைப்பது மட்டும்தான் அவர் வேலை. எங்களிடம் இது பெரியப்பாவின் பதவி, மூத்தவர் என்பதால் அவர் கொட்டையை நகர்த்தினால் யாரும் கையைத் தட்டிவிட முடியாது, அதுவும் ஒரு வசதிதான். "தப்பு மாப்ளே" என்று சின்னவர்களுக்குள் சொல்லிக்கொள்ளலாம், அவரிடம் "அங்க ஆள் காலியா இருக்குங்களே பெரியப்பா" என்றுதான் சொல்ல முடியும். அந்த ஒரு வாக்கியத்துக்கே நாம் இடத்தைச் சரியாகக் காட்ட வேண்டியிருக்கிறது.

ஐரோப்பிய மேட்ச் என்றால் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாம்பியன்ஸ் லீக் ராத்திரி ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு 1.30க்கு, மார்ச் கடைசியில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் 12.30க்கு. வீட்டின் உள்முற்றமான வளவில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு கத்தலுக்கு நாலு அறையும் எழுந்துவிடும், ஆயா கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வருவார், ஆகவே முகப்பிலேயே இருங்கள், கோல் விழுந்தால் துண்டை வாயில் திணித்துக்கொள்ளுங்கள். காலண்டர் தாளை ஒருத்தர் சட்டைப்பையில் வைத்திருக்கட்டும், இடைவேளையில் எடுத்து அவர்கள் நாம் எழுதியபடி ஆடுகிறார்களா என்று பார்த்து, தப்பானதை அடித்துவிட்டு ரெண்டாம் பாதிக்குப் புதிதாக எழுதுங்கள். பெனால்டி வரை போனால் அஞ்சு பேர் யார் என்பதையும் அப்போதே எழுதிவிடுவது நல்லது, 120ஆவது நிமிடத்தில் யாருக்கும் கை ஓடாது.